குழு எண் நாற்பத்தொன்று

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் தேவதாசின் மச்சான் காசிலிங்கத்துக்கு நடந்தது.

எண்பத்தேழு, கார்த்திகை மாதம். சாயங்காலம் ஏழு மணி. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை ரோட்டில் ஈ, காக்கை இல்லை... மழை. தவளைச் சத்தம். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. உள்ளே காசிலிங்கம் தனியாக.

கூட வேலை செய்யும் ராஜாங்கம், கண்ணையன், சுலோசனா மூவருக்கும் தவளக்குப்பம் பக்கம் வீடு. கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும், ஓடிக்கொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். மூன்று பேர் பெயரிலும் மூன்று புரோகிராம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே குழு எண்... நாற்பத்தொன்று. அவை நிற்காமல் மெஷினை அணைக்க முடியாது.

ஒவ்வொன்றாக நிறுத்த அவனுக்குப் பொறுமையில்லை. குழு எண்ணுக்கு ஒரு சிக்னல் அனுப்பினால் போதும், அதில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேரும். முடித்துக்கொண்டு கிளம்பு என்கிற சிக்னல். அனுப்பினான். சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபது.

திரையிலிருந்து ராஜாங்கம் பெயர் போனது. கண்ணையன் பெயர் போனது. சுலோசனா... அப்படியே நின்றது. சில புரோகிராம்கள் அப்படித்தான், அந்த சிக்னலைக் காதில் வாங்காது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மெஷினை அணைக்காமலே அறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் கம்பெனி வாசலில் கூட்டம். வேன் டிரைவர் அம்மாவாசை தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

"அரியாங்குப்பம் பாலத்து மேல போறோம்ணே. ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்தாங்க. யாரோ கூப்ட்ட மாதிரி... கதவத் தொறந்து எறங்கிட்டாங்க. வண்டி ஓடிட்டு இருக்குதுண்ணே!"

"மணி என்னா இருக்கும்?" காசிலிங்கம் கேட்டான்.

"ஏழு இருவது."

ராஜாங்கமும் கண்ணையனும் அங்கேயே செத்துப்போனார்கள். சுலோசனா? மருந்து வாங்க முதலியார்பேட்டையிலேயே இறங்கிவிட்டாளாம். வேலைக்கு வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. காசிலிங்கத்தால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்தான். அவள் பெயர் இன்னும் இருந்தது. யாரும் அதைத் தொடாமல் மூன்று நாள் காவல் கிடந்தான். சொன்னால் யார் நம்புவார்கள்?

மூன்றாம் நாள் மத்தியானம். பாத்ரூம் போய்த் திரும்பினால், மெட்ராசிலிருந்து வந்திருந்த என்ஜினியர் தணிகாசலம் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, ஒண்ணு மட்டும் தொங்கிட்டுக் கெடக்குது?"

"சார், அத வுட்டுருங்க! கால்ல விழறேன் சார்!"

"ஏம்ப்பா பதர்ற? ஒம்பதாம் நம்பர் சிக்னல் குடுத்தா எதுவும் தட்ட முடியாது."

டக்.

அடுத்த அறையில் எவர்சில்வர் டம்ளர் விழுந்தது. உருண்டது... நின்றது. டீ வாசனை.

ஓடினான். சுலோசனா மேசை மேல் சாய்ந்து கிடந்தாள். தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். டாக்டர் அவள் கையைத் தொட்டார். இமையைத் திறந்து பார்த்தார். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காசிலிங்கத்திடம் கேட்டார்.

"செத்து மூணு நாளாவுது. இவ்ளோ நாளா எங்கய்யா வச்சிருந்தீங்க?"