முப்பதுக்குக் கீழே

தையல்நாயகி: ...எறங்க மாட்டேன். மொதல்ல எடை மிஷின்ல நம்பரப் படி.

கோகுலகிருஷ்ணன்: அறுபத்தாறு. எறங்குக்கா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.

தையல்நாயகி: நிக்கட்டும். எழுபத்தாறு கிலோ இருந்தவ இப்ப அறுபத்தாறு! நல்லா பாத்துட்டுப் போவட்டும்.

கோகுலகிருஷ்ணன்: கத்தாத. ஆஸ்பத்திரி.

தையல்நாயகி: சரி, போன எடு. அந்த பி.எம்.ஐ. கணக்கப் போடு. டாக்டரு கேட்டது முப்பதுக்குக் கீழ.

கோகுலகிருஷ்ணன்: போடறேன்... ம்... முப்பத்தொன்னுக்கு மேல காட்டுது. ஆவலக்கா.

தையல்நாயகி: ஆவலையா?

கோகுலகிருஷ்ணன்: வுடு. ஒடம்புவாகு அப்படி. வா, டீ குடிச்சிட்டு திண்டிவனம் பஸ்ஸப் புடிப்போம்.

தையல்நாயகி: டேய், நில்லு. எப்டி போட்ட?

கோகுலகிருஷ்ணன்: எடைய ஒசரத்தால வகுக்கணும். வந்தத இன்னொரு தபா ஒசரத்தால வகுக்கணும். மீட்டர் கணக்குல.

தையல்நாயகி: ஓ... அதான் எதுத்த வூட்டு பூமாலை எழுபத்தஞ்சு கிலோ இருந்தும் அவளுக்கு இருபத்தாறு காட்டுச்சா? அவ நெட்டச்சி.

கோகுலகிருஷ்ணன்: அதுவே நம்ம ஆளுங்களுக்கு ஜாஸ்தியாம். இருபத்திமூணுக்குக் கீழ இருந்தாத்தான் நல்லதாம்.

தையல்நாயகி: அங்கயும் வருவேன், மெதுவா. அது கெடக்கட்டும்... என் ஒசரம் எவ்ளோ போட்ட?

கோகுலகிருஷ்ணன்: அது... நூத்தி நாப்பத்தஞ்சு.

தையல்நாயகி: நூத்தம்பதுடா! போன வருஷம் செவுத்துல நிக்க வச்சி கோடு போட்டவனே நீதான். அஞ்சு சென்டிமீட்டரு எங்க போச்சு?

கோகுலகிருஷ்ணன்: வயசானா கொஞ்சம் கொறையும்...

தையல்நாயகி: ஒரு வருஷத்துலயா? குடு இங்க. ஒன்னு புள்ளி அஞ்சு... அறுபத்தாறு... இருபத்தொம்போது! கோகுலு, இருபத்தொம்போது புள்ளி மூணுடா!

கோகுலகிருஷ்ணன்: வுடுக்கா... போனக் குடு.

தையல்நாயகி: ஏன்டா மூஞ்சி செத்துப் போச்சு? வாரத்துல மூணு நாளு முண்டியம்பாக்கத்துல டயாலிசிஸ் மிஷினோட படுத்துக்கினு கெடக்கிற. ரத்தம் சேருது, மத்த டெஸ்டும் சேருது, என் எடை ஒன்னுதான் பாக்கி. அதுவும் முடிஞ்சிது. என் கிட்னி உனக்குத்தான்! குதிக்க வேணாமா நீ?

கோகுலகிருஷ்ணன்: பயமா கீதுக்கா.

தையல்நாயகி: ஆபரேஷன் கத்திக்கா?

கோகுலகிருஷ்ணன்: எனக்கு ஒன்னுன்னா என்னோட போவும். என்னால உனக்கு ஒன்னு ஆயிடுச்சின்னா... நான் எப்டிக்கா இருக்கிறது?

தையல்நாயகி: அதுக்கா ஒசரத்தக் கொறச்ச?

கோகுலகிருஷ்ணன்: அது மட்டுமா... வாராவாரம் பாதுஷா வாங்கியாந்தது எதுக்குன்னு நெனச்ச?

தையல்நாயகி: பாசம்னு நெனச்சேன்டா பாவி! ஆனா நான் எங்க தின்னேன்? நூறு நாள் வேலைக்கு வர்ற பொம்பளைங்கதான் தின்னாங்க. இப்ப அவளுங்க குனிய முடியாம பேஜாரு.

கோகுலகிருஷ்ணன்: சிரிக்காதக்கா...

தையல்நாயகி: கேளு. எடையக் கொறச்சிட்டு வான்னு டாக்டரு சொன்னதே எனக்காவத்தான். மீதி இருக்கிற ஒரு கிட்னிக்கு பாரம் ஏறக் கூடாதுன்னு. கேப்பக்களி, ஏரிக்கரை நடை... பிரஷரு எட்டிப் பாத்துக்கினு இருந்துச்சி, அதுவும் ஓடிடுச்சி. உனக்குக் குடுக்கப் போயி நான்தான்டா நல்லா ஆனேன். இப்ப சொல்லு. வாங்கிக்கிறியா?

கோகுலகிருஷ்ணன்: ம்...

தையல்நாயகி: தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு.

கோகுலகிருஷ்ணன்: வாங்கிக்கிறேன்க்கா. ஆபரேஷனுக்குக் கையெழுத்தும் போடறேன். வா... டாக்டரப் பாத்து ஒரு நாளு கேப்போம்.

தையல்நாயகி: நாளு கேக்கறதா? போன வாரமே உன் பொண்டாட்டி கலைப்பிரியாவோட வந்து அளந்து காட்டிட்டேன், டாக்டரு சரின்னுட்டாரு. உன் வாயால ஒரு ‘சரி’ வாங்கத்தான் இன்னிக்கி மறுபடியும் மிஷின்ல ஏறுனேன். அவ மாடியில நமக்கு ரெண்டு பெட்டு புடிச்சி வச்சிக்கினு ஒக்காந்துனு கீறா. ஏறு, ஜல்தி!