வண்டலுக்கு ஒட்டிய சீட்டு

தலைவர் பாலசுந்தரம் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புலவரின் துணைவியார் செங்கமலம் அம்மா அவர்களே, செந்துறையிலிருந்தும் வாலிகண்டபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். அழக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புலவர் தமிழரசன் போய்விட்டார்! நம் வட்டாரச் சொற்களை ஊர் ஊராகக் கேட்டு அகராதியாக்கிய மனிதர் போய்விட்டார்! இந்த வளர்மதி அவரோடு ஒரே பள்ளியில் தமிழ் நடத்தியவள். அந்த அகராதியில் பாதியை எழுதியவள். ஆறு வருடமாக நான் மறைத்துவைத்த ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன்.

அகராதி வெளியீட்டு விழா திருமானூரில் நடந்தது. கொள்ளிடக் கரையில் நடவு வேலை பார்க்கும் முத்தாயி அக்கா, தன் மகளை ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். "வண்டல்: ஆறு ஒதுக்கும் கழிவு" என்று மகள் படித்ததும் எழுந்துவிட்டார்.

"கழிவா சார்? வெள்ளம் வடிஞ்சா நாங்க வயல்ல எறங்கி, வண்டல் எம்புட்டு ஏறியிருக்குன்னுதான் மொதல்ல பாப்போம். அது ஏறுன வருசம் எருவே வேணாங்க. அதயா கழிவுன்னு எழுதிப்புட்டீங்க?"

அரங்கம் சிரித்தது. புலவர் கைகூப்பினார். "தப்பு என்னோடதுதாம்மா. திருத்திடுறேன்" என்றார்.

அவருடைய தப்பா அது? இல்லை! வண்டலை மிதித்துப் பார்க்காமல், பழைய அகராதியில் 'கசடு' என்று கண்டதை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழிவு என்று எழுதியவள் நான். மேடையில் அவர் பக்கத்திலேயே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

மறுநாளே கிளம்பிவிட்டார். விற்ற இருநூறு பிரதிகளையும் தேடி வரதராஜன்பேட்டை வரை அலைந்தார். வீட்டுக்கு வீடு போய், தன் கையால் எழுதிய சீட்டைச் சோற்றுப் பசையால் அந்த வரிமேல் ஒட்டினார். என்னை ஒரு சொல் கேட்டாரா? கேட்கவே இல்லை!

ஆற்று மணலில் பாவை செய்து விளையாடிய பெண்களின் ஆட்டத்துக்கும் பழம்பாடல்கள் வண்டல் என்றே பெயர் சொல்கின்றன. அடுத்த பதிப்புக்காகத் தேடும்போது அதைக் கண்ட அன்று புலவர் குழந்தைபோல் சிரித்தார். சொல்லின் வேர் மட்டும் பிடிபடவில்லை. "எதையாவது போடுங்க சார், எடம் காலியா கெடக்கு" என்றேன். "தெரியாதத தெரியாதுன்னு போடுவோம்மா. தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்" என்றார்.

அடுத்த பதிப்பை நான் கொண்டுவருவேன். வேர் தெரியும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கும். உழுகிறவரையும் நடுகிறவரையும் கேட்காமல் ஒரு சொல்லுக்கும் பொருள் எழுத மாட்டேன். இது அவர் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

என் வீட்டுப் பிரதியில் மட்டும் அவர் சீட்டு ஒட்டவில்லை. நானாகத் திருத்துவேன் என்று காத்திருந்தாரோ என்னவோ! இதோ, அந்தப் பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன். முத்தாயி அக்கா, வண்டல்னா என்னன்னு அங்கேயிருந்தே சொல்லுங்க, எழுதிக்கிறேன். என்னங்க அக்கா? இன்னும் கொஞ்சம் சத்தமா.

"தண்ணி போனாலும் வயல வுட்டுப் போவாதது."

எழுதிவிட்டேன், புலவர் சார்.