கிரேனுக்கு ஏத்த மாத்திரை

கிரேன்காரர்: ...சரி மாப்ளே, சிறுநீர் வழியா சர்க்கரையை வெளியேத்துற மாத்திரை எப்படி?

மச்சினன்: நம்ம வெல்டர் போடுறாரு. இதயத்துக்கும் நல்லதாம். ஆனா அடிக்கடி ஒதுங்கணும்.

கிரேன்காரர்: அடிக்கடின்னா?

மச்சினன்: ஒரு கம்பியைப் பத்த வெக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை எழுந்து போறாரு. போதுமா?

கிரேன்காரர்: அது வேணாம். அடுத்தது...

மச்சினன்: திரும்ப உள்ள கூப்பிடுறதுக்குள்ள எந்த மாத்திரைன்னு யோசிச்சு வைங்கன்னுதானே டாக்டர் சொன்னாரு? காய்கறி பொறுக்குற மாதிரி பொறுக்குறீங்க.

கிரேன்காரர்: பின்னே? மூணு மாசச் சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது, ஒரு மாத்திரை பத்தாது, இன்னொண்ணு சேக்கணும்ங்கிறாரு. கண்ணுலயும் லேசா பாதிப்பாம். கண்ணு போனா என்னை எவன் கிரேன்ல ஏத்துவான்? நீ போடுற ரெண்டாவது மாத்திரை எப்படி?

மச்சினன்: விலை கம்மி. சர்க்கரை சரசரன்னு இறங்கும். நேரத்துக்குச் சாப்பிடலைன்னா கை நடுங்கும், கண்ணு இருட்டும்.

கிரேன்காரர்: வயிறு?

மச்சினன்: வயித்தை ஒண்ணும் பண்ணாது. ஆனா பாரத்தைத் தூக்கிப் பிடிச்சிருக்கையில நீங்க மயங்கினா... கீழ சைகை காட்டிட்டு நிக்கிறது நான்.

கிரேன்காரர்: அதுவும் சரிதான். உங்கக்கா என்னைக் கொன்னுடுவா.

மச்சினன்: நான் போனதுக்கப்புறம்தானே? ரொம்ப ஆறுதலா இருக்கு.

கிரேன்காரர்: வாரத்துக்கு ஒரு ஊசியாமே?

மச்சினன்: பசி அடங்கும், எடை குறையும். ஆரம்பத்துல குமட்டும்... சிலருக்கு வயித்தால போகும்.

கிரேன்காரர்: வேணாம்.

மச்சினன்: விலையைக்கூட கேக்கலையே?

கிரேன்காரர்: வயித்தால போகும்னியே, அப்புறம் விலை எதுக்கு?

மச்சினன்: எது எவ்வளவு சர்க்கரையை இறக்கும்னு ஒரு வார்த்தை கேக்கலை மாமா. வயிறு, ஒதுங்குறது... இதையே சுத்திச் சுத்தி வர்றீங்க.

கிரேன்காரர்: சும்மா... தெரிஞ்சுக்கத்தான்.

மச்சினன்: இப்போ போடுறது வயித்தைக் கலக்குதா?

கிரேன்காரர்: அது... பழகிப்போச்சு.

மச்சினன்: அக்கா மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோட கட்டிக் குடுக்குறா. மேல கேபின்ல சாப்பிட்டுட்டுப் போடுறீங்கதானே?

கிரேன்காரர்: ஆமா.

மச்சினன்: தினமுமா?

கிரேன்காரர்: நீ என்ன போலீசா... நர்ஸ் கூப்பிடுறாங்க, வா.

மச்சினன்: நம்மளை இல்லை. உக்காருங்க.

கிரேன்காரர்: ...மேல கக்கூஸ் இருக்காடா? ஏணியில இறங்குறதுக்குள்ள உயிரு போயிடும். ஒரு நாள் பாதி ஏணியிலயே... வேணாம் விடு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போடுறேன். அக்காகிட்ட சொல்லாதே. டாக்டர்கிட்டயும்.

மச்சினன்: சொல்லாம இன்னொண்ணை எப்படிச் சேக்குறது? அதே மாத்திரையில மெதுவா கரையுறது இருக்காம், வயித்தை அவ்வளவா கலக்காதாம். முதல்ல அதைக் கேப்போம்.

கிரேன்காரர்: கேக்கலாம்... ஆமா, உனக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு? மேல நான் தனியாத்தானே இருக்கேன்.

மச்சினன்: நீங்க தனியாத்தான் இருக்கீங்க. கீழ நான் இருக்கேனே. சாப்பாட்டு நேரத்துல என் ஹெல்மெட்ல டொக்குன்னு ஒண்ணு விழும், இல்லைன்னா காலடியில. முதல்ல சிமென்ட் துணுக்குன்னு நெனச்சேன்... இந்தாங்க டப்பா, பொறுக்கின மாத்திரையெல்லாம் இருக்கு. உள்ள போனதும் உங்க கையாலயே டாக்டர்கிட்ட குடுங்க.