பாக்கி தீர்ந்தால்தான் கட்டு

— பேச்சை மாத்தாதீங்க சார். பாக்கியைத் தீர்த்தா கேஸ் கட்டைக் கையில தர்றேன்னு சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேம்மா, யாரு இல்லன்னா? பீஸ் நிலுவையில இருந்தா கட்டைப் பிடிச்சு வச்சுக்கிற உரிமை வக்கீலுக்கு உண்டு. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. முதல்ல உக்காருங்க. டீ சொல்லவா?

— டீயெல்லாம் வேணாம், நேரமில்ல. இந்தாங்க பை. பில்லுல நீங்க எழுதினது அத்தனையும் இருக்கு. எண்ணிக்குங்க.

— என்னம்மா இது?

— பணம் சார். கட்டச் சொன்னீங்க, கட்ட வந்திருக்கேன்.

— இவ்வளவு ஏதும்மா உங்களுக்கு?

— தையல் மிஷின் மூணையும் வித்துட்டேன். காஜா எடுக்கிற மிஷினும் போச்சு. பாதி தச்ச துணியெல்லாம் மேசை மேல அப்படியே கெடக்கு.

— மிஷினை வித்துட்டு எதை வச்சும்மா பொழைப்பீங்க?

— இடம் இருந்தாத்தானே சார் மிஷின்? கீழே கடை, மேலே வீடு. அது என் கையில நின்னுச்சுன்னா வாடகை மிஷின் ஒண்ணைப் போட்டாவது நிமிர்ந்துடுவேன். அது போயிட்டா எந்தத் தெருவுல உக்காந்து மிதிக்கிறது?

— அவசரப்பட்டுட்டீங்க. பொறுங்க, பொறுங்க. திங்கக்கிழமை வாங்களேன். குமாஸ்தா லீவு. பீரோ சாவி அவன்கிட்ட மாட்டிக்கிச்சு.

— சாவி உங்க தலைக்குப் பின்னால ஆணியில தொங்குதே.

— அது வேற சாவி.

— திங்கக்கிழமை எனக்கு வீடே இருக்காது சார். இன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வந்தாரு. தம்பி செத்ததுலேருந்து வாசப்படி மிதிக்காத மனுஷன். கூட ஒரு பூட்டுக்காரன். அவன் பாட்டுக்குக் கதவை அளக்கறான். வீடு உங்களுக்குன்னு கோர்ட்டுல ஜெயிச்சா மட்டும் ஆச்சா, நான் அப்பீல் போட்டிருக்கேன், கையை எடுங்கன்னேன். அவரு சத்தமே போடல. “சரிம்மா, நாளைக்கு வர்றோம்”னு சிரிச்சுட்டுப் போனாரு. எப்பவும் தொண்டை கிழியக் கத்துற ஆளு. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டுத்தான் சார் நேரா இங்க ஓடி வந்தேன்.

— உங்க புது வக்கீல் என்ன சொல்றாரு?

— அப்பீல் கொடுத்தப்போ கோர்ட்டுல சீல் குத்தி நம்பர் போட்டுத் தந்த காப்பி கட்டுல இருக்கும், அதைக் கொண்டாங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்னாரு. கெடுவுக்குள்ள போட்டதுக்கு அது ஒண்ணு போதுமாம்.

— நம்பரைக் கோர்ட்டுல விசாரிச்சாரா?

— உங்ககிட்டயே கேட்டாராமே. கட்டைப் பார்த்துத்தான் சொல்லணும், பாக்கி தீராம கட்டைத் தொட மாட்டேன்னீங்களாம்.

— வக்கீலை மாத்துறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— போனே எடுக்க மாட்டேங்கிறீங்க, எங்கே கேக்க? உங்க மேல எனக்குக் கோபமில்ல சார். உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நானும் துணைக்கு உக்காந்திருந்தேன். அந்தக் கஷ்டத்துலயும் வெளியில வந்து, “அப்பீல் போட்டாச்சு, நிம்மதியாப் போங்க”ன்னீங்களே. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

— அந்தப் பேச்சு வேணாம்மா.

— நல்லதைச் சொன்னா என்ன சார்?

— பையை எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு ஒரு காசு வேணாம்.

— ஓசியா வாங்கிட்டுப் போயி, அப்புறம் பாக்கி தீரலன்னு நீங்க சொல்லிட்டா? எண்ணி வாங்கிக்கிட்டு ரசீது கொடுங்க. உங்களுக்கு எழுந்திருக்க முடியலன்னா சாவியை நான் எடுத்துக்கறேன்.

— வேணாம். சொன்னாக் கேளுங்க. கையை எடுங்கம்மா.

— திறந்துக்கிச்சே. வேற சாவின்னீங்க.

— அம்மா, தயவுசெஞ்சு அதை மூடுங்க.

— இதோ, என் கடைப் பேரு போட்டுச் சிவப்பு நாடா கட்டியிருக்கு. இவ்வளவு இளைச்ச கட்டா? இது அப்பீல்தானே சார்? கடைசிப் பக்கத்துல என் கையெழுத்து இருக்கு. சீலு எங்க?

— உக்காருங்க.

— அடியில இன்னொண்ணு இருக்கு. அதுலயும் என் கையெழுத்து. ரெண்டும் இங்கயே இருக்கே சார். ஒண்ணு கோர்ட்டுலதானே இருக்கணும்?

— உக்காருங்கம்மா, சொல்றேன்.

— கோர்ட்டுல கொடுத்தீங்களா, இல்லையா?

— என் வீட்டுக்காரி மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டிருந்தா. நாளைக்குக் கொடுத்துக்கலாம், நாளைக்குக் கொடுத்துக்கலாம்னு இருந்துட்டேன். கெடு தாண்டிப் போச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்து அவ காலைத் தேய்ச்சு விட்டுக்கிட்டிருந்தீங்க. எப்படிம்மா வாயைத் திறந்து சொல்வேன்?

— அப்போ நாளைக்கு அவங்க வந்து பூட்டுனா?

— தடுக்க ஒண்ணுமில்லம்மா.

— தெரிஞ்சிருந்தா மிஷினாவது மிஞ்சியிருக்குமே சார். கட்டுல ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சும், எந்த மனசோட அப்படியொரு பில்லை என் கையில கொடுத்தீங்க?

— உங்களால கட்டவே முடியாதுன்னு நெனச்சுத்தாம்மா அவ்வளவு பெருசா எழுதினேன்.