வலப்பக்கப் பின் டயர்

பின்னேரம் நாலரை மணி. சனவரி மாதம். மொன்றியலில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். லவாலுக்கும் வடக்கே, வெட்டை வெளிக்கு நடுவில் ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் வாரித் தள்ளிய பனி, ஆள் உயரத்துக்கு. ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அந்தச் சாலை போய் முடிகிற இடத்தில் ஒரு தகனசாலை... அதன் வாசல் ஏற்றத்தில் ஒரு சின்னக் கார், நின்ற இடத்திலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது.

மெழுகுதிரியை இன்னும் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளுங்கள். மின்சாரம் இப்போதைக்கு வராது.

இது நடந்தது நம் அக்னெஸோடு புவாண்ட்-கிளேரில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிற தாட்சாயினிக்கு. அக்னெஸ் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான், மறுக்கவில்லை. ஆனால் இதைச் சொன்னபோது அவள் கூட்டவில்லை. பாதியில் நிறுத்தி, எழுந்து போய், கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

காரை ஓட்டியவள் தாட்சாயினி. பக்கத்து இருக்கையில் அவளுடைய தம்பி அனுஜன். ஒரு மணி நேரத்துக்கு முன்தான் இருவரும் தங்கள் அப்பா அருமைராசாவைத் தகனசாலையில் கொடுத்திருந்தார்கள். எரியூட்டும் பொத்தானை அழுத்தியவன் அனுஜன். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேரவேண்டும் அல்லவா... ஐயர் அவனை வந்த கதவாலேயே, முகம் திருப்ப விடாமல், நேரே கூட்டிவந்து காரில் ஏற்றிவிட்டுப் போனார். மற்றவர்கள் எல்லோரும் முன்னமே போய்விட்டார்கள். தாட்சாயினி காசோலை, கையெழுத்து என்று உள்ளே நின்றதில் இவர்கள் கடைசி ஆனார்கள்.

கார் ஏறவில்லை. டயர் சுழன்றது. ஸ்ஸ்ஸ்ஸ்... என்று பனிக்கட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கியதே தவிர, ஓர் அடி முன்னுக்குப் போகவில்லை. எரிந்த றப்பர் மணம் உள்ளே வந்தது.

அந்த டயரைப் பற்றிச் சொல்லவேண்டும். டிசம்பர் பிறக்குமுன் எல்லோரும் குளிர்கால டயர் மாற்ற ஓடுகிற ஓட்டத்தில், தாட்சாயினி பெயரே வாயில் நுழையாத ஒரு கொம்பனியின் டயர் நாலு வாங்கிப் போட்டாள். புத்தம் புதிது, பாதி விலை. கெட்டித்தனம் என்று அவளுக்கே தன்மேல் ஒரு மெச்சுதல். அருமைராசா இந்த ஊரில் டாக்சி ஓடி ஓய்ந்தவர். குனிந்து டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "உது பனியில நல்லா ஓடும் பிள்ளை. நிக்கிறதுதான் கஷ்டம்" என்றார்.

மனிதர் சொன்னது அப்படியே பலித்தது. புதிதாய் விழுந்த பனியில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே போகும். காய்ந்த சாலையில் வேகம் எடுத்தால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஊம்ம்ம் என்று ஒரு இரைச்சல். உருகின சேற்றுப் பனியில் ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் மிதக்கும். பளிங்குப் பனியில்தான் உயிர் போகும். பிரேக்கை மிதித்தால் காலுக்குக் கீழே கடகடகட... கார் தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். திரும்பினால் பின்பக்கம் வெளியே விசிறும். தாட்சாயினி எல்லாச் சந்தியிலும் ஒரு வீட்டுத் தூரம் முன்னாலேயே பிரேக் போடப் பழகிக்கொண்டாள். பின் இருக்கையில் அவளுடைய நாலு வயது மகள் பூர்ணா. ஒவ்வொரு முறை கார் விசிறும்போதும் தாட்சாயினி கண்ணாடியில் பிள்ளையைப் பார்ப்பாள். இந்த டயரில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்... அந்த ஒரு நினைப்பு டயர் போட்ட நாளிலிருந்து அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை.

சரி, தகனசாலை வாசலுக்கு வருவோம்.

தம்பியை இறங்கித் தள்ளச் சொல்ல முடியாது. தள்ளுவதற்குப் பின்னால் போகவேண்டும், போனால் தகனசாலை கண்ணில் படும். தாட்சாயினி தானே இறங்கினாள். கால்மிதி றப்பரை உருவி எடுத்து, முன் சக்கரத்துக்கு முன் மண்டியிட்டு, பனியை விரலால் சுரண்டிச் செருகினாள். கையுறை நனைந்து விரல் மரத்தது. காற்று ஊளையிட்டது. ஒருமுறை கார் லேசாக ஆடியது போல இருந்தது... காற்றுத்தான் என்று விட்டுவிட்டாள்.

வந்து ஏறி, மெல்ல மிதித்தாள். யாரோ பின்னாலிருந்து பொறுப்பாகப் பிடித்துத் தள்ளியது போல், கார் ஒரே மூச்சில் ஏற்றம் ஏறியது.

கண்ணாடியில் பார்த்தாள். பின் கண்ணாடி முழுக்கப் பனி. ஒன்றும் தெரியவில்லை.

வீடு இருக்கிற லாசால் வரை ஒரு வழுக்கல் இல்லை. பாலத்தின் மேல் வழக்கமாக மிதக்கிற கார், ஆணி அறைந்த மாதிரி சாலையைப் பிடித்துக்கொண்டு போனது. அனுஜன் வழியெல்லாம் நேரே பார்த்தபடி இருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை, அழுதுகொண்டே ஓட்டினாள். மூன்றாம் நாள் அவன், முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ரொறொன்ரோ போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்த மலிவு டயர் ஒருநாளும் வழுக்கவில்லை.

உறைபனி மழை பெய்த காலை, தெருவில் எல்லாக் கார்களும் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. தாட்சாயினியின் கார் மட்டும் சந்தியில் கோடு தாண்டாமல் நின்றது. திரும்பினால் பின்பக்கம் விசிறுவதில்லை. பின்னுக்கு ஏதோ பாரம் இருந்து கீழே அழுத்துகிற மாதிரி, நல்ல பிடி. ஒன்றுதான்... ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும் பின் இருக்கை சூடாகவில்லை. நனைந்த கம்பளி மணம் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. இருக்கையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் கிடந்தது.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். தாட்சாயினிக்குச் சந்தோஷம் பொங்கியது. அப்பாதான், வேறு யார்? உயிரோடிருந்த காலத்தில் அருமைராசா அவள் காரில் ஏறினால் பின்னால், வலப்பக்கத்தில்தான் இருப்பார். பார்த்துப் போ, இடைவெளி விடு என்று ஓயமாட்டார். இப்போது பேத்திக்குக் காவலாக ஏறி உட்கார்ந்திருக்கிறார். டயரைப் பற்றிய பயம் அன்றோடு விட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பூர்ணாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். காலையில் கார்க் கதவைத் திறந்ததும், "அம்மப்பாவுக்கு வணக்கம் சொல்லு" என்பாள். பிள்ளை சொல்லும். குளிர் என்று தன் சின்னப் போர்வையைப் பக்கத்து இருக்கையில் பாதி விரித்து வைக்கும். பிள்ளைக் காப்பகமான கார்டெறி போய்ச் சேரும் வரைக்கும் பின்னால் பிரெஞ்சில் கிசுகிசுவென்று ஏதோ கதைத்துக்கொண்டே வரும். சில நாள் கையைப் பக்கத்தில் நீட்டியபடியே தூங்கிவிடும். இறக்கும்போது அந்த ஒரு கை மட்டும் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருக்கும். தாட்சாயினி அதை ஊதி ஊதிச் சூடாக்குவாள்.

ஒருநாள் எண்ணெய் மாற்றக் கிறிஸ்தோப்பரின் கராஜுக்குப் போனாள். காரை உயர்த்தி, டோர்ச் அடித்துப் பார்த்த கிறிஸ்தோப்பர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். மூன்று டயர் புதிதுபோல் இருந்தது. வலப்பக்கப் பின் டயர் மட்டும் பல்லெல்லாம் மழுங்கி, வழுவழு என்று கிடந்தது.

"ஆரோ பாரமான ஆளை நெடுக ஏத்திக்கொண்டு திரியிறியள் போல" என்றான்.

தாட்சாயினி சிரித்துக்கொண்டாள்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் அனுஜன் வந்தான். பின்னேரம். மறுபடி அந்த இருட்டு. மெட்ரோ வாசலில் அவனை ஏற்றிக்கொண்டு, வழியில் கார்டெறியில் பூர்ணாவையும் ஏற்றிக்கொண்டு, லாசாலில் ஆற்றோரச் சாலையால் வந்தாள். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மறுநாள் அப்பாவை முறைப்படி அனுப்பிவைக்கவேண்டும் என்ற நினைப்பு அவளை விடவில்லை. தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டயர் பிடித்தது, பின் இருக்கைக் குளிர், போர்வை, கிறிஸ்தோப்பர் காட்டிய டயர். அனுப்பாமல் வைத்திருக்கலாமோ என்றுகூட இருக்கிறது என்றாள்.

வைப்பர் இரண்டு தரம், மூன்று தரம் போய் வந்தது. பின்னால் பூர்ணா மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான் அனுஜன், குரலைத் தாழ்த்தி. "அண்டைக்கு நீங்கள் முன்னுக்குக் கால்மிதி வைச்சுக்கொண்டு நிக்கேக்க, பின்கதவைத் திறந்து ஒரு ஆள் ஏறினது. எங்கட சனம் ஆரோ எண்டு நினைச்சன். நான் திரும்பிப் பார்க்கக் கூடாதெல்லே."

"அப்பா" என்றாள் தாட்சாயினி.

"அப்பா இல்லை. ஏறி இருந்திட்டு பிரெஞ்சில மெர்சி, நன்றி எண்டு சொன்னது. பொம்பிளைக் குரல். நீங்கள்தான் அங்க வேலை செய்யிற பொம்பிளை ஆரையோ ஏத்திறியள் எண்டு நினைச்சன்... வீட்டை வந்து நான் இறங்கேக்கயும் அவ இறங்கேல்லை."

தாட்சாயினி பிரேக்கை மிதித்தாள். கார் ஒரு சாண்கூட வழுக்காமல் நின்றது.

பின்னால் இன்னும் கிசுகிசு கேட்டது. பிரெஞ்சு. அம்மப்பாவோடு பூர்ணா ஒருநாளும் பிரெஞ்சு கதைத்ததில்லை, அவர் விடமாட்டார். தமிழில் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார். இத்தனை நாளும் அது அவளுக்கு உறைக்கவே இல்லை... தன் கையாலேயே பிள்ளையை யாருக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினாள்?

இறங்கி ஓடினாள். பின்கதவைத் திறந்து, வாரை இழுத்துக் கழற்றி, போர்வையை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளையை அள்ளித் தோளில் போட்டாள். வலப்பக்க இருக்கையைப் பார்க்கவில்லை. ஆனால் இருக்கை நடுவில் அமுங்கிக் கிடந்தது கடைக்கண்ணில் பட்டது. சாவி காரிலேயே, விளக்கு எரிந்தபடி. அனுஜன் வந்து அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தான்.

"திரும்பிப் பாராதைங்கோ. நேர நடவுங்கோ."

நடந்தார்கள். வீடு நாலைந்து தெரு தள்ளி. காலுக்குக் கீழே பனி நறநறத்தது. யாரும் திரும்பவில்லை. பின்னால்... கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்கவில்லை. அனுஜனின் பிடி இன்னும் இறுகியது. முதல் விளக்குக் கம்பம் வந்தது, அதைக் கடந்தார்கள். இரண்டாவதையும் கடந்தார்கள். தாட்சாயினிக்கு மெல்ல மூச்சு வந்தது. தப்பினோம் என்று நினைத்துப் பிள்ளையின் முதுகைத் தடவினாள்.

தோளில் கிடந்த பிள்ளைக்கு முகம் பின்பக்கம்தானே இருந்தது. பூர்ணா அவள் தோளுக்கு மேலால் கையை நீட்டி, சிரித்துச் சிரித்து, பிரெஞ்சில், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.