மாட்டுப் பட்டியலில் ஆவுடையப்பன்

— பதறாம உக்காருங்க பெரியப்பா. மெசேஜை நீங்களே ஒருக்காப் படிங்க.

— நீயே படி பிரின்சி. எங்கூட்டுக்காரி படிச்சுக் காட்டுனதுல இருந்து எனக்கு அந்தப் போனைத் தொடவே பயமாருக்கு.

— "நாளைய ஜல்லிக்கட்டு. காளையின் பெயர்: ஆவுடையப்பன். உடல் தகுதி உண்டு. டோக்கன் எண் நாற்பத்தொன்று. உரிமையாளர் ராசாங்கம் காளையைக் கயிற்றுடன் அழைத்து வரவும்."

— கேட்டுக்க. ஆவுடையப்பன் நானு.

— தெரியும்.

— ராசாங்கம் என் மாடு.

— அதுவும் தெரியும். இலுப்பூர்ல ராசாங்கத்தைத் தெரியாதவங்க யாரு?

— அது என்னையக் கயித்தைக் கட்டிக் கூட்டியாரணுமாம். வர்ற வழியில ஒரு வைக்கப்போரைப் பாத்தேன் தாயி. பொய்யில்ல, லேசாப் பசிச்சுச்சு.

— சிரிக்கிற நேரமில்ல பெரியப்பா. மணி நாலே முக்கால். அஞ்சு மணிக்கு லிஸ்ட் பூட்டிரும்.

— பூட்டுனா?

— நாளைக்கு வாடிவாசலுக்குப் பின்னாடி ஒவ்வொரு மாட்டுக்கும் காதுல இருக்குற மஞ்சள் வில்லையை ஸ்கேன் பண்ணுவாங்க. ராசாங்கத்தோட வில்லை நம்பர் மாட்டுப் பட்டியல்லயே இல்ல. அப்படியே திருப்பி அனுப்பிருவாங்க.

— திருப்புனா அது வீட்டுக்கு வராது, லாரி ஏறிரும். தம்பிமாருக ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நிக்கிறானுக. இந்த அந்தோணியார் பொங்கலுக்கு ஓடுனா வீட்டு மாடு, ஓடலைன்னா அடிமாடுன்னு பேசி முடிச்சுட்டானுக. நாலு நாளாத் தொழுவத்துலதான் படுக்குறேன். லாரிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு அது கயித்தைப் பிடிச்சுக்கிறேன். நீதான் கமிட்டிக்குக் கம்ப்யூட்டர் பாக்குற புள்ள. நீ மாத்துனாத்தான் உண்டு.

— இந்தப் பாரத்தை எழுதுனது யாரு?

— நாந்தேன். "காளையின் பெயர்"னு கேட்டிருந்துச்சு. மைக்குல என்னன்னு சொல்லுவான்? "இலுப்பூர் ஆவுடையப்பன் மாடு வருது, தொட்டுப் பாரு"ன்னுதானே? என்னைக்காச்சும் ராசாங்கம்னு சொல்லியிருக்கானா?

— சரி, உரிமையாளர்னு கேட்ட எடத்துல?

— எங்கூட்டுல யாருக்கு உரிமைன்னு ஒருநாள் வந்து பாரு. மொதக் கஞ்சி அதுக்கு. மிச்சமிருந்தா எனக்கு. அதான் அது பேரை எழுதுனேன்.

— நம்பரையும் அப்படியே மாத்திப் போட்டிருக்கீங்க.

— அதுக்குக் காது வில்லையில பன்னெண்டு நம்பரு, எனக்கு ஆதார்ல பன்னெண்டு நம்பரு. யாரு பேரு இருக்கோ அவுக நம்பரை அதுக்கு நேரா ஒழுங்கா எழுதிட்டேன். நம்பர்ல ஒரு பிசகு இல்ல கேட்டுக்க.

— கம்ப்யூட்டரும் பன்னெண்டு இருக்கான்னுதான் எண்ணிப் பாக்கும். கொம்பு இருக்கான்னு பாக்காது.

— அப்ப என்னைய அடிச்சுட்டு, மேல அது பேரை எழுது.

— இது நோட்டு இல்ல பெரியப்பா, டேட்டாபேஸ். மனுசங்களுக்கு ஒரு பட்டியல், மாடுகளுக்கு ஒரு பட்டியல், உடம்புச் சோதனைக்கு ஒண்ணு, டோக்கனுக்கு ஒண்ணு. தனித்தனியா இருக்கும்.

— நாலு தொழுவம்.

— ஆமா. சோதனைப் பட்டியல்ல மாட்டோட பேரே கெடையாது. நம்பர் மட்டும்தான் இருக்கும். அந்த நம்பரைப் பிடிச்சுக்கிட்டே போனா மாட்டுப் பட்டியல்ல ஒரு வரியில கொண்டுபோய் விடும். அந்த நம்பர் இன்னொரு மாட்டுக்கு இருக்கக் கூடாது.

— நம்பர்தான் கயிறு.

— கயிறேதான். உங்க வரியை அழிக்கப் போனா விடாது. உங்க வரிதான் முளை, அதுல சோதனையும் டோக்கனும் கட்டிக் கெடக்கு. கயிறு கெடக்குறப்ப முளையைப் பிடுங்க விடாது.

— யாரு விடாது?

— இதையெல்லாம் காவல் காக்குற சாப்ட்வேர்.

— காவக்காரனா? ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசிப் பாரேன்.

— டீ குடிக்காதுன்னுதான் அதைக் காவலுக்கு வச்சேன். போன வருசம் எல்லாம் நோட்டுலதானே எழுதுனாங்க? சோதனையில கழிச்ச ஒரு மாட்டை வேற பேருல உள்ள விட்டாங்க. எந்தம்பி ஜோஸ் வயித்துல இருபத்திரண்டு தையல். எங்கம்மா இன்னும் அவன் சட்டையை மடிக்கிறப்ப அந்த எடத்தை ஒருக்காத் தடவிப் பாக்குது.

— நாளைக்கும் அவன் எறங்குறானாமே?

— எறங்குறான். கால்ல விழாத கொறையாச் சொல்லிப் பாத்தாச்சு. அதனாலதான் ராத்திரி பகலா ஒக்காந்து இதைப் பண்ணேன். சோதனை பண்ணாத ஒரு மாடுகூட அந்த வாசலைத் தாண்டக் கூடாது. அவனை என்னால நிறுத்த முடியல, மாட்டையாச்சும் சரியா நிறுத்தலாம்ல?

— கடைசி ரவுண்டுதானே? டீக்கடையில அவனே சொன்னான்.

— எங்ககிட்டயும் அதான் சொன்னான். அதுக்குள்ள மாடெல்லாம் நின்னு நின்னு ஓய்ஞ்சிரும்னு எங்கம்மாவுக்கு ஒரு தெம்பு. இருங்க, இப்ப மாத்தப் போறேன்.

— மெதுவாத் தட்டு தாயி. மேல பட்டுரப் போகுது.

— மொத வரியில மாட்டுப் பட்டியல்ல உங்களை எடுத்துட்டு ராசாங்கத்தை வைக்கிறேன். ரெண்டாவது வரியில மனுசப் பட்டியல்ல ராசாங்கத்தை எடுத்துட்டு உங்களை வைக்கிறேன்.

— ரெண்டு வரிக்கும் நடுவுல நான் எங்க இருப்பேன்?

— எங்கயும் இருக்க மாட்டீங்க.

— ஆத்தாடி. அந்நேரம் கரண்டு போனா?

— ரெண்டும் நடக்கும், இல்லாட்டி ரெண்டுமே நடக்காது. பாதியில விடாது.

— என்ன அது, பீப்பீங்குது?

— கரண்டு போயிருச்சு. பேட்டரியில ஓடுது. பேசாம இருங்க.

— எனக்கு ஒடம்பெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கு. நான் இருக்கேனா பிரின்சி?

— என் கையை விடுங்க. இருக்கீங்க. இன்னும் மொத வரியே போடல.

— இந்தச் சோதனை என்னாகும்? அதை மறுபடி பண்ணணுமா?

— வேணாம். நம்பரை மாத்துனா சோதனையும் டோக்கனும் தன்னால பின்னாடியே வந்துரும். உங்க நம்பர்ல இருந்த சர்டிபிகேட் ராசாங்கம் நம்பருக்குப் போயிரும்.

— அப்படியேவா?

— ஒரு எழுத்து மாறாம. ஏன் கேக்குறீங்க? சோதனைக்கு ஆள் வந்து நல்லாத்தானே பாத்தாரு?

— பல்லு, காலு, கண்ணு, ஒண்ணு விடாம வெசாரிச்சான். நாளைக்கு வாசல்ல இன்னொருக்காப் பாப்பாங்களா?

— எண்ணூறு மாடு வருது. வில்லையை மட்டும்தான் பாப்பாங்க.

— அப்ப மாத்து. லாரிக்காரன் மொகத்துல நான் முழிக்கக் கூடாது.

— மொத வரி போட்டாச்சு.

— நான் இல்ல இப்ப.

— ரெண்டாவது வரி. முடிஞ்சது. உறுதிப்படுத்தவான்னு கேக்குது. ஆமாங்குறேன். நீங்க மனுசன், ராசாங்கம் மாடு.

— அந்தோணியாரே! கூட்டிக்கழிச்சுப் பாத்தா அம்பத்தேழு வயசுல இன்னைக்குத்தான் எனக்கு ஒரு உறுதி கெடைச்சிருக்கு.

— மணி அஞ்சு. லிஸ்ட் பூட்டிருச்சு. இனிமே நானே நெனைச்சாலும் மாத்த முடியாது. யாரு வந்து கெஞ்சுனாலும் மனசு எறங்கக் கூடாதுன்னு நான்தான் அப்படிப் பண்ணி வச்சேன். இப்பதான் பெரியப்பா எனக்கு மூச்சு வருது.

— உனக்கு நல்ல மனசு தாயி. வாரேன்.

— இருங்க, ஒண்ணு மட்டும் பாத்துக்கிறேன். டோக்கன் பட்டியலையும், மாடு பிடிக்கிற வீரருக்குன்னு தனியா இருக்குற பட்டியலையும் ரவுண்டு நம்பரை வச்சுச் சேத்துக் கேட்டா, ராசாங்கம் வர்றப்ப களத்துல யாரு யாரு நிப்பாங்கன்னு காட்டும்.

— அதெல்லாம் காட்டுமா?

— நாப்பத்தொண்ணு, மொத ரவுண்டு. அம்பது பேரு. அருள்தாஸ், ரகுநாத்... ஐயோ.

— என்ன?

— ஜோஸ். மஞ்ச பனியன், பதினேழு. பாவி, கடைசி ரவுண்டுன்னு பொய் சொல்லியிருக்கான்.

— பிரின்சி, அவனை வேற ரவுண்டுக்கு மாத்து.

— பூட்டியாச்சுன்னு சொன்னேன்ல?

— பூட்டைத் தொற.

— முடியாது பெரியப்பா. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? எல்லா மாடும் சோதனை பண்ணதுதானே? ராசாங்கம் சர்டிபிகேட் இந்தாருக்கு. வயசு அம்பத்தேழு மாசம். பல்லு தேஞ்சிருக்கு. கண் பார்வை ரெண்டும் நல்லாருக்கு. அவனுக்கு முன்னாடி வந்தாலும் கண்ணு தெரிஞ்ச மாடு ஆளைப் பாத்து வெலகிப் போகும். இதைப் பாத்துத்தான் நான் மனசைத் தேத்திக்கிறேன்.

— சோதனைக்கு வந்தவன் ஜீப்பை விட்டு எறங்கலை தாயி.

— என்னது?

— ராசாங்கம் சீறுன சீறுல கண்ணாடியை ஏத்திக்கிட்டான். கையில இருந்த பட்டியலைப் பாத்து ஒவ்வொண்ணாக் கேட்டான். ஆவுடையப்பனுக்கு என்ன வயசுன்னான். அம்பத்தேழுன்னேன், மாசம்னு போட்டுக்கிட்டான். ஆவுடையப்பனுக்குப் பல்லு எப்படின்னான். தேஞ்சு போச்சுன்னேன். நான் ஒரு பொய் சொல்லல கேட்டுக்க.

— பெரியப்பா...

— ஆவுடையப்பனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதான்னான். எனக்கு நல்லாத்தான் தெரியுது, தெரியுதுன்னேன். ஐப்பசியில இருந்து ரெண்டு கண்ணும் தெரியாம, சத்தம் வர்ற பக்கம் பாயுறது ராசாங்கம்தான்.