அரசங்கன்றுக்குப் பூக் கட்டிப் பார்த்தது

மோர் ஆறிப்போகாது, நிதானமாகக் குடியுங்கள். செஞ்சி வெயிலில் மொட்டைமாடி வரைக்கும் ஏறி வந்திருக்கிறீர்கள், அதுவும் கையில் ஒரு வேப்பங்கன்றை ஏந்திக்கொண்டு. சாக்கடை ஓரம் மிதிபடக் கிடந்ததாம், பாவமென்று பிடுங்கி வந்தீர்களாம், போன்சாய்க்கு ஆகுமா, வெளியே நட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதையேதான் என் மகளும் கேட்டாள். அந்தக் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். வல்லம் பக்கம் யார் கிணற்றில் மோட்டார் புகைந்தாலும் என் கடைக்குத்தான் தூக்கி வருவார்கள். கழித்துப் போட்ட செப்புக் கம்பி வீட்டில் குவிந்து கிடந்தது. அதை என்ன செய்யலாமென்று போனில் தேடப்போய்த்தான் இந்தக் குட்டை மர வித்தை கண்ணில் பட்டது. கிளையில் கம்பியைச் சுற்றிவிட்டால் நாம் சொன்ன பக்கம் அது திரும்பும். நைனா பேச்சைக் கேட்கிற ஒரே உயிர் இதுதான் என்று சுதா கேலி செய்வாள். ஜெயசுதா, என் ஒரே மகள். அவள் எட்டாவது படிக்கும்போது அவள் அம்மா தவறிவிட்டாள். அதிலிருந்து வீட்டில் நானும் அவளும்தான்.

போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் குளியலறைச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்தது. கொத்தனார் வீரமணியைக் கூப்பிட்டேன். அவன் ஆசிட் பாட்டிலோடு வந்தான். "அரச மரம்மா, வுட்டா வூட்டயே பொளந்துடும். இத்த ஊத்துனாதான் அடங்கும்" என்றான். சுதா குறுக்கே போய் நின்றுகொண்டாள். "செவுரு போனா பூசிக்கலாம். வேரு அறாம எடுண்ணா" என்றாள். அவனும் எடுத்தான். கன்று பிழைத்தது, சுவர் போயிற்று. ஒரு வாரம் நான் கோணியைக் கட்டி மறைத்துக்கொண்டு குளித்தேன்.

அப்புறம்தான் போன்சாய்த் தட்டா, வெளியே தரையா என்ற பேச்சு.

"அது மரம் நைனா. ஏரிக்கரையில வெச்சா ஊருக்கே நெழல் குடுக்கும்" என்றாள்.

"கொரங்கு புடுங்கிடும். ஆடு கடிச்சிடும். இங்க இருந்தா என் கண்ணு எதிர்லயே இருக்கும்" என்றேன்.

உங்களுக்காக உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தட்டுக்கு ஏற்ற கன்றென்றால் பக்கவேர் பரவியிருக்க வேண்டும். அந்தக் கன்றின் ஆணிவேரோ சுவருக்குள்ளேயே நேராக, நீளமாக இறங்கியிருந்தது. அது தரைக்குப் பிறந்த கன்று. பார்த்தவுடனே எனக்குத் தெரியும். ஆனாலும் தட்டில் வைக்க ஆசையாக இருந்தது.

எங்கள் வீட்டில் பேச்சு முடிவுக்கு வராவிட்டால் சாமி முன்னால் பூக் கட்டிப் பார்ப்போம். உங்களுக்கும் பழக்கம் இருக்கும். ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் படத்தடியில் போடுவோம். யார் காரியமோ அவர்தான் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். பொட்டலம் கட்டுவது என் வேலை. காயில் கட்டிப் பழகிய கை, இரண்டுக்கும் எள்ளளவு வித்தியாசம் தெரியாது.

அன்றைக்கு, ஏரிக்கரையில் நடலாமா என்று கேட்க, இரண்டிலும் அரளியையே வைத்தேன். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு செடிக்காகத்தானே. அதோடு கையும் நடுங்கவில்லை. முதல் தடவை செய்கிறவனுக்குத்தான் நடுங்கும்.

எனக்கு முதல் தடவை, அவளுக்குக் கோயம்புத்தூர் கல்லூரியில் இடம் கிடைத்தபோது. இரண்டாவது, பெங்களூர் வேலைக்கு. மூன்றாவது, அனந்தபுரத்துப் பையன் இனியன். தங்கமான பிள்ளை. அவனிடம் ஒரு குறையும் இல்லை, அதுதான் தொல்லை. குறை இருந்திருந்தால் வாயாலேயே சொல்லியிருப்பேன், பூ வரைக்கும் போயிருக்க வேண்டாம். அரளியைப் பார்த்துவிட்டு சுதா அழவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டேன். பிறகு இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள், சாயந்திரமானால் டாணென்று வீட்டுக்கு வந்துவிடுவாள்.

எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அவள் இல்லாத வீட்டை நினைத்தால் சோறு இறங்காது. ஆனால் ஒன்று, அவளை ஒருநாளும் அதட்டியதில்லை. போகாதே என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததே கிடையாது. இந்த ஊரில் எத்தனை அப்பன்களால் இப்படி மார்தட்டிச் சொல்லிவிட முடியும்?

சரி, கன்றுக்கு வருகிறேன். சுதா ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அதைப் பிரிக்காமல், "இன்னொன்ன நீங்க பிரிங்க நைனா" என்றாள். இத்தனை வருடத்தில் கேட்காதவள். செடி விஷயம்தானே, விளையாட்டுப் புத்தியில் கேட்டாள். மறுக்கத் தோதான காரணம் எனக்கு அகப்படவில்லை. அவளும் பிரித்தாள், நானும் பிரித்தேன்.

அரளியை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இன்னா நைனா, நந்தியாவட்ட பூக்கலியா இன்னைக்கு?" என்றாள்.

"கை மாறிப்போச்சும்மா."

"எத்தினி வாட்டி மாறுச்சு?"

நான் அம்மன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய் தோசை வார்த்தாள். எனக்குத்தான் முதலில் போட்டாள், முறுகலாக, எனக்குப் பிடிக்கிற மாதிரி.

மறுநாள் அந்தக் கன்றைத் தன் கையாலேயே சிங்கவரம் போகிற வழியில் ஏரிக்கரையில் நட்டு முள்வேலியும் கட்டினாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கும் பூக் கட்டிப் பார்க்கலாமென்றுதான் இருந்தேன், அவள் கேட்கவில்லை. அந்த வாரமே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சிரித்த முகமாகத்தான் சொன்னாள்: "மரம் என் தோளுக்கு வரட்டும் நைனா. அப்ப வரேன்."

பஸ் திருவண்ணாமலையைத் தாண்டியிருக்காது. நான் கடப்பாரையோடு ஏரிக்கரையில் நின்றேன்.

ஆடு கடித்துவிடக் கூடாதே என்றுதான். அவள் ஞாபகமாக இருப்பது அது ஒன்றுதான், அதை வெட்டவெளியில் விட மனம் வருமா? வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆணிவேரை நறுக்கி, தட்டில் வைத்துக் கம்பியும் சுற்றினேன். அதோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறதே, அதுதான். ஒரு சாண் இருக்கும். இலை ஒவ்வொன்றும் நகத்தளவு, எவ்வளவு லட்சணம் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். என் சுகர் மாத்திரையை விசாரிப்பாள். அப்புறம், "மரம் எப்டி நைனா இருக்குது?" என்பாள். "இன்னும் இடுப்புக்கே வரலம்மா, மழ சரியில்ல" என்பேன். அவள் நட்ட அதே மழையில் ஊர்க்காரர்கள் அந்தக் கரையில் வைத்த புங்கமெல்லாம் இப்போது தலைக்கு மேலே நிற்கின்றன. வளர்ந்துவிட்டது, வா என்று சொல்லலாம்தான். வந்தால் பார்க்கக் கேட்பாளே. மறுபடி கொண்டுபோய் நடலாமென்றால் கம்பியை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. ரெண்டு தீபாவளி போயிற்று, பெற்றவனைப் பார்க்க அவள் ஒரு எட்டு வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாசம் கொஞ்சம் மட்டுதான்.

போகட்டும், மோரை முடியுங்கள். உங்கள் வேப்பங்கன்றுக்கு இப்படிச் செய், அப்படிச் செய் என்று நான் சொல்ல மாட்டேன். யார் மனதையும் வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நந்தியாவட்டையும் அரளியும் இந்தத் தொட்டிகளிலேயே பூத்திருக்கின்றன. அம்மன் முன்னால் போட்டுப் பார்த்துவிடுவோம், அவள் விட்ட வழி. நீங்கள் எடுத்தால் போதும், பொட்டலத்தை நானே கட்டிவிடுகிறேன்.